தையல் மிஷினுக்கு ஒரு வரி எழுதுங்கள்: விமான நிறுவனத்தாருக்கும் விமானப் பாதுகாப்பு விதி எழுதுவோருக்கும்

ஐயா, அம்மா,

கடந்த மே மாதம் உங்கள் விமானம் ஒன்றில் ஒரு தையல் மிஷின் தலையைக் கொண்டுபோனேன். ஏற்றும்போது முழுசாக இருந்தது. இறங்கியபோது மூலை உடைந்து, ஊசியைப் பிடித்திருக்கும் கம்பியான நீடில் பார் வளைந்து, வீல் தனியாகப் பெட்டிக்குள் உருண்டுகொண்டிருந்தது. புகார் கொடுத்தேன். “நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே” என்ற ஒரே வரியில் அதை முடித்துவிட்டார்கள். எனக்கு முடியவில்லை. அதனால் ஊரறிய எழுதுகிறேன்.

எந்த நிறுவனம், எந்த விமான நிலையம் என்று சொல்லப்போவதில்லை. திருநெல்வேலிக்காரனுக்கு வாகைக்குளத்தில் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிறது, மதுரை இருக்கிறது, ஆரல்வாய்மொழி தாண்டிப் போனால் திருவனந்தபுரம் இருக்கிறது. மூன்றில் ஒன்று. கவுண்டரில் நின்ற பிள்ளைக்கு என் மகள் வயதுதான் இருக்கும். அவள் வேலைக்கு உலை வைக்க எனக்கு மனசில்லை. தையல் மிஷினை என்ன செய்வது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள்.

நான் தையல் மிஷின் மெக்கானிக். டவுனில், தேரடியிலிருந்து நடந்து வரும் தூரத்தில், எட்டடிக்குப் பத்தடி கடை. முப்பத்து நாலு வருசமாக அதே ஸ்டூல். கறுப்புத் தலை மிஷின், பவர் மிஷின், துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக், இப்போது வருகிற கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் எல்லாம் என் மேசைக்கு வந்திருக்கின்றன. நான் பேசப்போவது எனக்குத் தெரிந்த சங்கதியைப் பற்றி மட்டும்தான்.

அந்த மிஷின் என் அக்காவுடையது. முக்கூடலில் பீடி சுற்றிக்கொண்டிருந்தவள் அவள். இலை நறுக்கி, தூள் வைத்து, சுற்றி, நூல் கட்டி விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருக்கும். நெஞ்சுச் சளி விடாமல் பிடித்துக்கொண்ட பிறகு, சேர்த்துவைத்திருந்த காசில் ஒரு பழைய மிஷின் வேண்டும் என்றாள். நான்தான் பார்த்து வாங்கிக்கொடுத்தேன். கறுப்பு வார்ப்பிரும்புத் தலை, காலால் மிதிக்கிற ஸ்டாண்டு. அதிலேயே ஜாக்கெட், பாவாடை, பள்ளிக்கூட யூனிபார்ம் என்று தைத்து ஒரே மகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தாள். மகள் போனது மும்பை தாராவிக்கு. நம் ஊர்ச் சனம் அங்கே எவ்வளவு பேர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன தை மாதம் அக்கா போய்ச் சேர்ந்தாள். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து கிளம்பும்போது மகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “மாமா, அம்மா மிஷினை மட்டும் எனக்கு எப்படியாவது கொண்டாந்து குடுத்திருங்க. ஸ்டாண்டு இங்கன வாங்கிக்கிடுதேன்.”

ரயிலில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கலாம். ஒன்றரை நாள். ஆனால் அவளுக்கு யூனிபார்ம் ஆர்டர் வந்து, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் தைத்தாக வேண்டிய நெருக்கடி. எனக்கோ முதுகுத் தண்டில் வலி. மருமகன் டிக்கெட்டைப் போட்டு போனுக்கு அனுப்பிவிட்டான். ஐம்பத்தெட்டு வயதில் முதல் விமானம். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

நான் எப்படிக் கட்டினேன் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ‘சரியாகப் பேக் செய்யவில்லை’ என்பதுதான் உங்கள் பக்கத்திலிருந்து வரும் முதல் பதில் என்று இப்போது எனக்குத் தெரியும்.

முதலில் பழைய எண்ணெயை எல்லாம் துடைத்தேன். மேல் துளை, கீழ் துளை ஒவ்வொன்றிலும் பஞ்சை விட்டு எடுத்தேன். பிறகு வேஸ்ட் துணியில் நூல் இல்லாமல் கால் மணி நேரம் ஓட்டினேன். மிச்சமிருந்த கசிவைத் துணி குடித்துக்கொண்டது. ஊசியைக் கழற்றினேன். கீழ்நூல் இருக்கும் பாபின் கேஸை எடுத்துத் தனியே சுருட்டினேன். நாலு மடிப்புத் துணியை வைத்து அதன்மேல், துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபூட்டை இறக்கினேன்; கீழே துணியை நகர்த்தும் பல்லும் ஃபூட்டும் ஒன்றோடொன்று இடிக்காது. வீலைக் கழற்றி விடலாமா என்று யோசித்தேன். கழற்றினால் மறுபடி மாட்டுகிறவர்கள் உள்ளே இருக்கும் வாஷரைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள், அப்புறம் பாபின் சுற்றும்போது மிஷினும் சேர்ந்து ஓடும். அதனால் வீலை விட்டுவைத்து, சுற்றிலும் கயிறு திரிக்கிற தேங்காய் நாரைக் கொடுத்தேன். தலையை முழுக்க அக்காவின் பழைய சேலையில் சுற்றி, அதற்கு மேல் கோரைப்பாய்த் துண்டு. பத்தமடைப் பாய் இல்லை, சாதாப் பாய்தான். ஆனால் அடி தாங்குவதில் தெர்மாகோலை விடக் கோரை மேல். பேட்டையில் எனக்குத் தெரிந்த ஆசாரி ஒருவர் பிளைவுட்டில் பெட்டி அடித்துக் கொடுத்தார். உள்ளே தலை ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் கட்டை. மூடியின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டினேன். தையல் மிஷின், இந்தப் பக்கம் மேலே, திறந்தால் இதேபோல வைக்கவும் என்று தமிழில் நானும், இங்கிலீஷில் என் மகனும் எழுதி, ஒரு படமும் போட்டோம்.

கடைசியாக அரிசிக் கடைத் தராசில் வைத்தேன். பதினாலு கிலோ எண்ணூறு. டிக்கெட்டில் பதினைந்து கிலோ போட்டிருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் உங்கள் உதவி எண்ணில் கேட்டேன். “நோ இஷ்யூ சார், செக்-இன்ல போடலாம்” என்றார் ஒருவர். விமான நிலைய வாசலில் எக்ஸ்ரேக்காரர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இது கவுண்டர்ல கேட்டுக்கோங்க” என்றார். கவுண்டரில் தராசு பதினைந்து முந்நூறு காட்டியது. அரிசிக் கடைத் தராசை நம்புவதா உங்கள் தராசை நம்புவதா என்று நான் சண்டை போடவில்லை. கூடுதல் ஒரு கிலோவுக்குப் பணம் கட்டினேன். கட்டிய பணத்துக்கு எங்கள் ஊரில் லைனிங் போட்டு ஒரு ஜாக்கெட் தைத்துவிடலாம். பணம் கட்டி முடித்த பிறகுதான் அந்தப் பிள்ளைக்குச் சந்தேகம் வந்தது. “உள்ள என்ன சார்?” தையல் மிஷின் என்றேன். “மிஷினரின்னா கார்கோல போடணும்.” மேலே ஒருவரைக் கூப்பிட்டாள். அவர் வந்து கேட்ட கேள்வி இது: “எஞ்சின் இருக்கா? பெட்ரோலா?”

காலால் மிதிக்கிறது என்றேன். பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. எண்ணெய் இருக்கிறதா என்றார், துடைத்திருக்கிறேன் என்றேன். மோட்டார், பேட்டரி எதுவும் இல்லை என்றேன். அவர் போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு வருவதற்குள் வரிசை நகர்ந்து, கவுண்டர் மூடும் நேரம் நெருங்கிவிட்டது. திரும்பி வந்தவர் கையில் ஒரு சிட்டை. “இதுல சைன் பண்ணுங்க, போட்டுரலாம்.” முழுக்க இங்கிலீஷ், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. என்ன என்று கேட்டேன். “ஃபார்மாலிட்டி சார்.” போட்டேன். ‘லிமிட்டெட் ரிலீஸ்’ என்று அதற்குப் பெயர் என்பதும், சாமான் உடைந்தால் நீங்கள் பொறுப்பில்லை என்று நானே எழுதிக்கொடுத்தது போல அதை வைத்துக்கொள்வீர்கள் என்பதும் மும்பையில்தான் எனக்குத் தெரிந்தது.

உதவி எண், வாசல், கவுண்டர், மேலதிகாரி. ஒரே பெட்டி, நாலு பேர், நாலு பதில். எங்கள் ஊர் பஸ்ஸில் மிஷினை ஏற்றினால் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்து, “டயர் மேல வைக்காதீரும் அண்ணாச்சி, குலுங்கும்” என்பார். அவருக்கு இருக்கிற தெளிவு உங்களுக்கு இல்லாமல் போனது எப்படி?

பாதுகாப்புச் சோதனையில் என் சட்டைப் பையிலிருந்த சின்ன ஸ்குரு டிரைவரை எடுத்துக்கொண்டார்கள். ஊசி முடுக்கும் சைஸ், பிடி தேய்ந்து என் கட்டைவிரலுக்கென்றே பள்ளம் விழுந்தது. கருவிகள் கேபினுக்குள் கூடாது என்பது விதி, சட்டைப் பையில் மறந்து வைத்திருந்தது என் தப்பு. அதைப் பற்றி எனக்கு மனக்குறை மட்டும்தான், புகார் இல்லை.

மும்பையில் பெட்டி பெல்ட்டில் வரவில்லை. ஓரமாக ஒருவர் கொண்டுவந்து வைத்தார். மூடியில் நான் அடித்த எட்டு ஆணியில் மூன்றுதான் இருந்தது, பிளாஸ்டிக் டேப்பால் சுற்றியிருந்தார்கள். அங்கேயே திறந்தேன். பாய்த்துண்டு எல்லாவற்றுக்கும் மேலே மடித்து வைக்கப்பட்டிருந்தது. கட்டைகள் ஒரே பக்கம். மிஷின் தலைகீழாக, வெறும் பலகையின் மேல் கிடந்தது. அக்காவின் சேலை அதற்கு அடியில். மூடியில் நான் ஒட்டியிருந்த தாள் கழன்று மிஷினின் அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. ‘இந்தப் பக்கம் மேலே’.

திறந்து பார்த்தது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. வார்ப்பிரும்பு அடர்த்தியானது. எக்ஸ்ரே அதைச் சுலபமாக ஊடுருவாது, திரையில் ஒரு கறுப்புக் கட்டியாகத் தெரியும். அதற்குப் பின்னால் எதையாவது மறைத்திருந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். அந்த இடத்தில் நான் இருந்தாலும் திறந்துதான் பார்ப்பேன். ஆனால் என்னைக் கூப்பிட்டிருக்கலாம். கவுண்டரிலிருந்து இருபது அடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு, முதல் விமானத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு நான் சும்மாதானே உட்கார்ந்திருந்தேன். இரண்டு நிமிசத்தில் பிரித்துக் காட்டி, நாலு நிமிசத்தில் கட்டிக் கொடுத்திருப்பேன்.

இனி உடைந்ததைப் பற்றி. ‘பழைய மிஷின், முன்பே விரிசல் இருந்திருக்கும்’ என்று உங்கள் மின்னஞ்சல் சொல்கிறது. வார்ப்பிரும்பு வளையாது, நசுங்காது. ஓங்கி அடிபட்டால் உடையும். பழைய விரிசலாக இருந்தால் அதற்குள் வருசக்கணக்காக எண்ணெயும் தூசியும் இறங்கி, உடைந்த முகம் கறுத்து, ஓரத்தில் துருவோடு இருக்கும். இந்த மூலை உடைந்த முகம் சர்க்கரையை உடைத்துப் பார்த்தது போல, சாம்பல் நிறத்தில், பொடிப்பொடியாக மின்னியது. தடவினால் விரலில் எண்ணெய் ஒட்டவில்லை. அன்றைக்கு உடைந்தது. அதுவும் மேலிருந்து விழுந்து, மூலை முதலில் தரையைத் தொட்டு உடைந்தது. போட்டோ அனுப்பியிருக்கிறேன், பெரிதாக்கிப் பாருங்கள்.

நீடில் பார் வளைந்தால் என்ன, மாற்றிவிடலாமே என்று தோன்றும். ஊசி கீழே போய்த் திரும்பி மேலே இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் ஏறும்போது நூல் ஒரு சின்ன வளையமாகப் பிரியும். அந்த நொடியில் கீழ்நூலைக் கோக்கும் ஷட்டிலின் கூர்முனை வந்து ஊசிக்கண்ணுக்குச் சற்று மேலே அந்த வளையத்தைப் பிடித்தாக வேண்டும். ஊசிக்கும் கூர்முனைக்கும் இடையே ஒரு தாள் நுழையும் இடைவெளி. 1846-ல் எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கிய, மேல்நூலும் கீழ்நூலும் பின்னிக்கொள்ளும் பூட்டுத்தையலின் சூட்சுமம் அதுதான், இன்றைக்கும் அதேதான். ஒரு முடி அளவு நகர்ந்தால் தையல் விட்டுவிட்டு விழும். டைமிங் போய்விட்டது என்போம். தாராவியில் ஸ்பேர் கடை கடையாக ஏறி ஒரு நீடில் பார் தேடி, டைமிங் வைத்து, மூலையைப் பித்தளைப் பற்றவைப்பு செய்து கொடுத்துவிட்டு வர எனக்கு நாலு நாள் ஆனது. மெக்கானிக் கையில் கொண்டுபோனதால் நாலு நாள். வேறு யாராவது கொண்டுபோயிருந்தால் அது இரும்பு வியாபாரியிடம் போயிருக்கும்.

மிஷின் இப்போது ஓடுகிறது. ஆனால் பற்றவைத்த மூலை மேசை மட்டத்துக்குச் சரியாக உட்காரவில்லை. அரை மில்லி தூக்கி நிற்கிறது. பாலியெஸ்டர் துணி அங்கே வந்து மாட்டும். அக்கா மகள் அதன்மேல் ஒரு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை டேப்பை மாற்றுகிறாள். “சவத்த விடுங்க மாமா, ஓடுதுல்லா” என்கிறாள். எனக்கு விட முடியவில்லை.

என் கதை மட்டும் என்றால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கமிருந்து வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் மிஷினோடு வருவது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அங்கே விலை மலிவு என்று ஆசையாக வாங்கியது. தம்மாமிலிருந்து ஒரு அம்மா கொண்டுவந்த எம்பிராய்டரி மிஷின் வெளியே ஒரு கீறல் கூட இல்லாமல் வந்தது. உள்ளே போர்டு ஸ்குருவை விட்டுக் கழன்று ஆடியது. இன்னொருவரின் ஓவர்லாக்கில் நூலைக் கோக்கும் லூப்பர் வளைந்து கத்தியோடு மோதிக்கொண்டிருந்தது. இருவருமே புகார் கொடுக்கவில்லை. கொடுக்கலாம் என்றே தெரியாது. ஏழு நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது எனக்கே பிறகுதான் தெரியும்.

சொல்லிக்கொடுத்தவர் வண்ணார்பேட்டையில் ஒரு வக்கீல் ஐயா. அவர் வீட்டு மிஷினுக்கு நான்தான் வைத்தியம். 1999-ல் மாண்ட்ரியலில் போட்ட உடன்படிக்கை ஒன்று இருக்கிறதாம், 2009-ல் இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. வெளிநாட்டுப் பயணத்தில் நீங்கள் வாங்கி ஏற்றிய பெட்டி உங்கள் பொறுப்பில் இருக்கும்போது உடைந்தால் நீங்கள் ஈடு தர வேண்டும். சாமானுக்குள்ளேயே இருந்த குறையால் உடைந்தது என்றால் மட்டும் விலக்கு. உச்ச வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர். அது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்குப் பணம். பொருள் அதைவிட மதிப்பானது என்றால் பெட்டியை ஒப்படைக்கும்போதே மதிப்பை அறிவித்து, கேட்டால் கூடுதல் தொகை கட்டி, வரம்பை உயர்த்திக்கொள்ளலாம். நான் எழுந்து உட்கார்ந்தது அடுத்த விஷயத்துக்கு: பொறுப்பிலிருந்து நிறுவனத்தைக் கழற்றிவிடும் எந்த ஒப்பந்த வாசகமும் செல்லாது என்று அதன் 26-வது பிரிவு சொல்கிறது. அப்படியானால் தம்மாம் அம்மாவிடம் நீட்டியிருக்கக்கூடிய அதே மாதிரிச் சிட்டைக்கு என்ன மதிப்பு?

என் பயணம் உள்நாடு. அதற்கு விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2019-ல் வெளியிட்ட பயணிகள் சாசனத்தில் பெட்டி தொலைந்தாலோ சேதமானாலோ 20,000 ரூபாய் வரை ஈடு என்று இருக்கிறது. ‘வரை’ என்றால் அதற்கு மேல் இல்லை என்று அர்த்தம், ஒன்றுமே இல்லை என்று அர்த்தம் இல்லை. கவுண்டர் மூடப்போகும் நேரத்தில், எனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில், ‘ஃபார்மாலிட்டி’ என்று சொல்லி வாங்கிய ஒரு கையெழுத்து அந்த இருபதாயிரத்தைச் சைபராக்கும் என்றால், சாசனத்தை எதற்கு அச்சடித்தீர்கள்?

விதி எழுத முடியாத பொருளா தையல் மிஷின்? அமெரிக்காவின் விமானப் பாதுகாப்புத் துறை இணையப் பக்கத்தில் பொருள் பெயரைத் தட்டினால் பதில் வருகிறது என்று என் மகன் காட்டினான். தையல் மிஷின்: கைப்பையிலும் கொண்டுபோகலாம், செக்-இன் பெட்டியிலும் போடலாம். கத்தரிக்கோல்: ஆணி இருக்கும் இடத்திலிருந்து நாலு இஞ்சுக்குக் குறைவாக இருந்தால் கையில் வைத்திருக்கலாம். கடைசி முடிவு அங்கே நிற்கும் அலுவலருடையது என்றும் போட்டிருக்கிறார்கள். சரிதான், அது எங்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே பயணிக்கும் தெரிகிறது, அலுவலருக்கும் தெரிகிறது.

அமெரிக்கா வரை போவானேன். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களைக் கேளுங்கள். விமானத்தில் கைப்பையோடு தேங்காய் கூடாது என்றிருந்ததை, 2024 அக்டோபரில், இருமுடி கட்டி வருகிறவர்களுக்காக 2025 ஜனவரி 20 வரை தளர்த்தினீர்கள். எக்ஸ்ரே, வெடிபொருள் சோதனை, கையால் தொட்டுப் பார்க்கும் சோதனை எல்லாம் முடித்து நெய்த்தேங்காயோடு உள்ளே விட்டீர்கள். நல்ல காரியம். சனத்துக்கு எது முக்கியம் என்று யாரோ ஒருவர் எடுத்துச் சொன்னார், நீங்கள் எழுதினீர்கள். வயலின், வீணை மாதிரி இசைக்கருவிகளுக்கு உங்கள் விதிப்புத்தகத்தில் தலைப்பு இருக்கிறது. கோல்ஃப் மட்டைக்கு இருக்கிறது. எங்கள் பக்கத்தில் கோல்ஃப் மட்டை தூக்கிக்கொண்டு பிழைக்கப் போனவர் யாரையும் நான் பார்த்ததில்லை. ஊசியும் பாபினும் கொண்டுபோனவர்களைத் தெருவுக்கு நாலு பேர் காட்டுவேன். இயந்திரங்கள் மேல் அவ்வளவு வருத்தம் இருந்த காந்தியே 1924-ல் சிங்கர் தையல் மிஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்.

தமிழ்நாடு அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் இலவசமாகத் தையல் மிஷின் கொடுக்கிறது. அதில் வந்த மிஷின்களை நான் நிறைய ரிப்பேர் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்கள் இப்போது பிள்ளைகள் இருக்கும் ஊருக்குப் போகிறார்கள். சென்னை, பெங்களூரு, மும்பை. வாகைக்குளத்தில் 2025 ஜூலை 26 அன்று புது முனையம் திறந்தாயிற்று. இனி எங்கள் சனம் இன்னும் அதிகமாக உங்கள் வாசலுக்கு வரும், அல்வாப் பெட்டியோடு மட்டும் வராது.

ஆகவே கேட்கிறேன்.

உங்கள் சாமான் விதிகளில் ‘தையல் மிஷின்’ என்று ஒரு வரி எழுதுங்கள், தமிழிலும் எழுதுங்கள். மின் மோட்டார் வைத்த சின்ன மிஷின்கள் ஆறு ஏழு கிலோதான் இருக்கும். நீங்கள் கைப்பைக்கு வைத்திருக்கும் ஏழு கிலோவுக்கும் அளவுக்கும் அடங்கினால், ஊசியைக் கழற்றி, கத்தரியையும் ஸ்குரு டிரைவரையும் செக்-இன் பெட்டியில் போட்டபின், அதைக் கையில் கொண்டுபோக விடுங்கள். பத்துப் பன்னிரண்டு கிலோ வார்ப்பிரும்புத் தலை கையில் வராது என்பது எனக்கும் தெரியும். அதைச் செக்-இன்னில் போட எப்படிக் கட்டிக் கொண்டுவர வேண்டும், எண்ணெய் எந்த அளவுக்குத் துடைக்க வேண்டும் என்று எழுதுங்கள். கார்கோதான் என்றால் அதையும் எழுதுங்கள். வீட்டிலேயே முடிவு செய்துகொள்கிறோம். கவுண்டருக்குக் கவுண்டர் மாறும் பதில் மட்டும் வேண்டாம்.

பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தால் உரியவரைக் கூப்பிட்டு அவர் முன்னால் திறங்கள். விமானம் கிளம்பும் அவசரத்தில் முடியாது என்றால், திறந்தோம் என்று ஒரு சீட்டு உள்ளே வையுங்கள், எப்படி இருந்ததோ அப்படியே திருப்பிக் கட்டுங்கள்.

‘லிமிட்டெட் ரிலீஸ்’ சிட்டையைத் தமிழில் அச்சடியுங்கள். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று கையெழுத்துக்கு முன் வாயால் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டவர் புகார் கொடுத்தாலும் எண் போட்ட ரசீது கொடுங்கள். புகாரை வாங்கவே மாட்டோம் என்று கவுண்டரில் சொல்வது நிற்க வேண்டும். மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டும் வழி இருக்கிறது என்பதைப் பெட்டியைத் தராசில் வைக்கும்போதே சொல்லுங்கள்.

என் புகாருக்கு ஒழுங்கான பதில் வேண்டும். நீடில் பார் விலை, பற்றவைப்புக் கூலி, அக்கா மகளுக்கு நின்றுபோன நாலு நாள் வேலை என்று கணக்கெழுதி ரசீதுகளோடு அனுப்பியிருக்கிறேன். இருபதாயிரத்துக்கு வெகு கீழேதான் வருகிறது. கையெழுத்தின் போட்டோவைத் திருப்பி அனுப்புவதைப் பதில் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று. எக்ஸ்ரே திரைக்கு முன் உட்காருகிறவர்களுக்கு ஒரு தையல் மிஷின் உள்ளே எப்படி இருக்கும், எங்கே பிடித்துத் தூக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று காட்ட வேண்டுமானால் கூப்பிடுங்கள். என் கடையில் ஒரு பழைய கறுப்புத் தலை சும்மா கிடக்கிறது. வாகைக்குளமோ, மதுரையோ, திருவனந்தபுரமோ, என் செலவில் தூக்கிக்கொண்டு வந்து அரை நாளில் பிரித்து மாட்டிக் காட்டுகிறேன். அன்றைக்கு மட்டும் என் ஸ்குரு டிரைவரை வாசலில் வாங்கி வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தையல் மிஷின் மெக்கானிக் ஒருவன்,
திருநெல்வேலி டவுன்.